அம்மாவுக்கு நான் நடத்திய ஒத்திகை

இதை வாசிக்கும் உங்களை நான் நடுவராக அழைக்கவில்லை, சாட்சியாக அழைக்கிறேன். நடுவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினால் அவர் நிமிர்ந்து உட்காருவார், எந்த இடத்தில் சற்றே நிறுத்தினால் மணியடிக்கப் போன கை தயங்கும் என்பதையெல்லாம் கல்லூரி மேடைகளில் பழகியவன் நான். அந்தப் பழக்கத்தைக் கொண்டு உங்களையும் என் பக்கம் சாய்த்துவிடுவேனோ என்று எனக்கே அச்சமாக இருக்கிறது. ஆகவே தீர்ப்பு எதுவும் வேண்டாம். கூடவே நின்று பாருங்கள், போதும்.

எங்கள் வீடு மண்ணூரில். அப்பா, திருப்பெரும்புதூர்ச் சாலையில் உள்ள ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அக்கா செல்வி, மணமாகிப் பென்னலூரில் இருக்கிறாள். நான் சென்னையில் ஒரு கல்லூரிக்குப் பேருந்தில் போய்வருகிறேன். படிப்பைவிடப் பேச்சில் பெயர் எடுத்தவன். அம்மா லூர்தம்மா, அதே சாலையில் இன்னொரு தொழிற்சாலையின் கேன்டீனில் சமையல் வேலை பார்த்தவள். அம்மா எனக்கு வைத்த பெயர் மைக்கு. பரிசுக் கோப்பையோடு வீட்டுக்குள் நுழைந்தால், "வந்துட்டாருய்யா மைக்கு. தொண்ட காஞ்சி கெடக்கும், யாருனா தண்ணி குடுங்க" என்பாள். நான் அடுக்குமொழியில் எதையாவது கேட்டால், "சோறு வோணும்னு ரெண்டு வார்த்தைல கேளேன், போட்டுத் தொலைக்கிறேன்" என்பாள். மேடையில் என்னை வென்றவர்கள் சிலர் உண்டு. வீட்டில் அம்மாவை நான் வென்றதே இல்லை.

இந்த 1991-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த நாக்கு வேகம் குறைந்தது. என் பேச்சை இடைமறிப்பதை அம்மா நிறுத்திக்கொண்டாள். என் திறமைக்கு ஒருவழியாக மரியாதை கிடைத்துவிட்டது என்றுதான் நான் எண்ணினேன். இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கோளாறு வெளியே தெரிந்தது கேன்டீன் சாம்பாரில். பருப்பு வெந்து, காய் நறுக்கி, புளி கரைத்து எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க, அம்மா கரண்டியைப் பிடித்தபடி அடுப்பின் முன் நின்றுகொண்டே இருந்தாளாம். அடுத்தது என்ன என்று பிடிபடவில்லை. இன்னொரு நாள் பருப்பையே சேர்க்காமல் புளித்தண்ணீரில் தாளித்துக் கொட்டிவிட்டாள். இரண்டாவது ஷிஃப்ட் ஆட்கள் தட்டைத் தட்டி ரகளை செய்தார்கள். கேன்டீன் சூப்பர்வைசர் அவளைத் தட்டு கழுவும் இடத்துக்கு மாற்றினார். "வயசாச்சில்ல, ரெஸ்ட் குடுக்கறாங்க" என்று சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் அழுதாள். காரணமின்றிச் சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வருவது அப்போது தொடங்கியதுதான். நடையும் குறுகியது, பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். திருப்பெரும்புதூரில் ஒரு மருத்துவர் பார்த்துவிட்டு, சென்னையில் பெரிய அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போகச் சொன்னார்.

அங்கே காத்திருப்பதும் ஒரு வேலை. அப்பா ஷிஃப்ட் முடித்த அழுக்குச் சட்டையோடு வந்து வரிசையில் நிற்பார். நான் மாற்றி நிற்பேன். அக்கா அம்மாவைக் கழிவறைக்கு அழைத்துப்போய் வருவாள். புறநோயாளிகள் கூடத்தில் ஒவ்வொரு முறையும் கதவு திறக்கும்போது எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பும். "இன்னாடா இது, படம் விட்டா மாரி" என்றாள் அம்மா. ஒருவழியாக வார்டில் ஒரு கட்டில் கிடைத்தது. இரத்தம் எடுத்தார்கள். இரத்த அழுத்தம் சற்று அதிகம் என்றார்கள்; வார்டுக்கு வந்த பயமாகவும் இருக்கலாம் என்றார்கள். தலையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கு முறை எழுதி வைத்தார்கள்.

ஸ்கேனுக்கு முன்பே நடந்தது கேள்விச் சோதனை. அதைச் செய்தவர் ஓர் உளவியலாளர். வார்டில் எல்லாருக்கும் அவர் சைக்காலஜி மேடம். கட்டிலைச் சுற்றித் துணித்தடுப்பு வைத்தார். உள்ளே அவரும் அம்மாவும் இரண்டு மூன்று மருத்துவ மாணவர்களும். வெளியே நானும் அக்காவும். துணி குரலை மறைக்குமா என்ன?

"அம்மா, இது என்ன இடம்?"

"ஆஸ்பத்திரி. வேற எங்க இம்மாம் பேரு வேல வெட்டி இல்லாம ஒக்காந்துகினு இருப்பாங்க?"

"இன்னைக்கு என்ன கிழமை?"

"இங்க ஏதும்மா கெழம? எல்லா நாளும் ஒரே மாரிதான் கீது."

மாணவர்கள் சிரித்தார்கள். மேடம் மூன்று சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்தார்: மல்லிகை, பூட்டு, தோணி. பிறகு வேறு எதை எதையோ கேட்டார். ஒரு வட்டத்தைக் கடிகாரமாக்கச் சொன்னார். முள்ளைப் பதினொன்று பத்தில் நிறுத்தச் சொன்னார். கையை முஷ்டியாக, பிறகு விரித்து, பிறகு பக்கவாட்டில் என்று வரிசையாக மேசையில் வைக்கச் சொன்னார். அம்மாவின் முஷ்டி மீண்டும் மீண்டும் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அவை முடிந்ததும், "முதல்ல மூணு வார்த்தை சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணு… பூவு."

"என்ன பூ?"

"நாக்குலயே நிக்குது, எறங்க மாட்டேங்குது."

மறுபடியும் சிரிப்பு. அதன் பிறகு, ஒரு நிமிடத்துக்குள் எத்தனை காய்கறிப் பெயர் முடியுமோ அத்தனை சொல்லச் சொன்னார். இரண்டு ஷிஃப்ட்டுக்குக் காய் நறுக்கிய என் அம்மா, "வெங்காயம்" என்றாள். வெகுநேரம் கழித்து மறுபடியும், "வெங்காயம்." துணிக்குள்ளிருந்து ஒரு மாணவனின் குரல், அடங்கியதுதான், ஆனால் எனக்குக் கேட்டது: "இவங்கதான் கேன்டீன் குக்கா?"

அந்த ஒரு வரி என் முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. மேடையில் தடுமாறுகிறவனைப் பார்த்து நான் உள்ளூரச் சிரித்ததுண்டு. அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று தெரியும். அது அம்மாவின் மேல் விழுவதை என்னால் தாங்க முடியவில்லை. அம்மாவுக்காகத் தாங்கமுடியவில்லை என்றுதான் அன்று நம்பினேன்.

மேடம் வெளியே வந்ததும் அக்கா கேட்டாள். "இன்னா வியாதி மேடம் எங்கம்மாவுக்கு?"

அவர் சுவரோரமாக எங்களை அழைத்துப்போய் நிதானமாகச் சொன்னார். டிமென்ஷியா என்பது ஒரே நோயின் பெயர் அன்று. அறிவு மங்குவதற்கான பொதுப்பெயர். அதில் வகைகள் உண்டு. ஒரு வகையில், புதிதாகச் சொன்னது உள்ளேயே போய்ச் சேராது. எத்தனை குறிப்புக் கொடுத்தாலும் வராது. இன்னொரு வகையில், மூளையின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் அங்கங்கே அடைபட்டிருக்கும். அதில் சொன்னது உள்ளே இருக்கும், எடுப்பதுதான் கடினம். ஒரு வேலையை வரிசைப்படி செய்வதும் சிதறும். மூன்றாவது வகையில் மறதிக்கு முன்பே குணம் மாறிவிடும். இவை எதுவும் இல்லாமல், மனச்சோர்வு முற்றி மறதிபோல் தோன்றுவதும் உண்டு.

"எதுன்னு தெரிஞ்சா இன்னா பண்ணுவீங்க?" என்றாள் அக்கா.

"எது சேதமாயிடுச்சோ அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனா குழாய் அடைப்புன்னா, பிரஷரைக் கட்டுப்படுத்தி, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை கொடுத்து, அடுத்த அடைப்பைத் தடுக்கப் பார்க்கலாம். அதுக்குத்தான் இவ்வளவு கேள்வி. வியாழக்கிழமை பெரிய டாக்டர் மாணவர்களோட வந்து பார்ப்பார். அன்னைக்கு நான் லீவு, சின்ன டாக்டர் கேள்வி கேப்பாரு." போகத் திரும்பியவர் நின்று சொன்னார்: "ஒண்ணு. இதையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழக்காதீங்க. தெரியலன்னா தெரியலன்னே இருக்கட்டும்."

நான் தலையாட்டினேன். கேட்டேன், விளங்கிக்கொண்டேன், தலையாட்டினேன். அறியாமல் செய்தவன் என்ற சலுகை எனக்குக் கிடையாது.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் அம்மாவை மாடிப்படி ஓரத்து பெஞ்சுக்கு அழைத்துப்போனேன். பேச்சாளர்களிடம் ஒரு முறை உண்டு. குறிப்புத் தாள் இல்லாமல் கருத்துகளை வரிசையாக நினைவில் நிறுத்த, தெரிந்த வீட்டுக்குள் நடந்து போவதாக எண்ணி, வாசலில் ஒன்றை, கூடத்தில் ஒன்றை, சமையலறையில் ஒன்றை வைப்போம். அந்த முறையை அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தேன்.

"நம்ம வூட்டு வாசல்ல இன்னா கீது?"

"செருப்பு."

"மல்லிகைச் செடி கீதும்மா. நெனச்சிக்கோ. கதவுல?"

"பூட்டு."

"அதேதான். உள்ள போனா?"

"நீ ஒக்காந்து கத்திகினு இருப்ப."

"தோணிம்மா. தோணி கீது."

"வூட்டுக்குள்ள தோணி இன்னாத்துக்குடா?"

"மழ பேஞ்சா தண்ணி உள்ள வருதில்ல, அதுக்கு."

அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு அழுகையானது, துடைத்துவிட்டுத் தொடர்ந்தேன். கிழமை, மாதம், எந்த மாடி என்பதெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். கடிகாரத்துக்கு முதலில் மேலே, கீழே, இரு பக்கம் என்று நான்கு எண்களைப் போட்டுவிட்டு இடையில் நிரப்பச் சொன்னேன். பதினொன்று பத்துக்கு முள் நிற்கும் கோலத்தை விரல் பிடித்துப் பழக்கினேன். காய்கறிகளை ஒரு பாட்டுப்போல் அடுக்கிக் கொடுத்தேன். தவறினால் முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பேன்; அம்மா பிடித்துக்கொள்வாள். அவள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டபோது எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லாமல் விடக்கூடாது. கோப்பை வாங்கிய நாட்களில்கூட அப்படி இருந்ததில்லை.

அக்கா சோற்றுத் தூக்கோடு வந்து பார்த்துவிட்டாள். "டேய், அந்த மேடம் வேணாம்னாங்களே."

"எழுதப் போற பிள்ளையப் படிக்காதேன்னு சொல்வாங்களா?"

"இது பரிச்சையாடா? வியாதி கண்டுபிடிக்கறதுடா."

"கண்டுபிடிக்கறவங்க சிரிச்சாங்களே, அது மட்டும் மருத்துவமா?" என்று தொடங்கி நான் பேசினேன். நோயாளிக்கும் மானம் உண்டு என்றேன். முன்னறிவிப்பின்றிக் கேட்கும் கேள்விக்குப் படித்தவனே தடுமாறுவான் என்றேன். பதற்றத்தில் மறந்ததை நோய் என்று முடிவுகட்டிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டேன். எட்டாவது வரை படித்த அக்காவிடம், மேடையில் பேசுவதுபோல் கை நீட்டிக் கேட்டேன்.

அக்கா தூக்கைக் கீழே வைத்தாள். "உங்கிட்ட பேச முடியாதுப்பா. எதுனா ஆச்சின்னா நீதான்" என்றாள். அவள் சொன்னதே சரி. ஆனால் வென்றது நான்.

வியாழக்கிழமை பெரிய மருத்துவர் வந்தார். சுற்றி வெள்ளைக் கோட்டுகள். நான் கட்டிலின் கால்மாட்டில் நிற்க அனுமதி கிடைத்தது. சின்ன மருத்துவர் தாளைப் பார்த்துக் கேட்டார். கிழமை சரி, மாதம் சரி, மாடி சரி. "இப்ப மூணு வார்த்தை சொல்லப் போறேன்…" என்று அவர் தொடங்குவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"மல்லிக, பூட்டு, தோணி. அதானே?"

எல்லாரும் சிரித்தார்கள். இந்தமுறை அது பாராட்டுச் சிரிப்பு. காய்கறிகள் தடங்கலின்றி வரிசையாக வந்தன. கடிகாரத்தின் எண்கள் ஏறக்குறைய அதனதன் இடத்திலேயே அமைந்தன. கையை மூன்று நிலையில் வைக்கும் சோதனையைச் சின்ன மருத்துவர் கேட்கவே இல்லை. மற்றவை நன்றாக இருந்ததால் தேவையில்லை என்று நினைத்திருக்கலாம். அம்மா என்னைப் பார்த்தாள். சரியாகச் சொன்னேனா என்று கேட்கும் பார்வை. நான் கண்ணால் ஆமாம் என்றேன். அடுத்த கணம் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பெரிய மருத்துவர் மாணவர்களுக்கு விளக்கினார். திங்களன்று தெரியாதது வியாழனன்று தெரிகிறது. உண்மையான டிமென்ஷியா இப்படித் திரும்பாது. செயலில் மந்தம், எளிதில் அழுகை, வேலையில் இறக்கப்பட்ட வருத்தம். ஆகவே இது மனச்சோர்வாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவர் மேல் எனக்குக் குறையில்லை. கொடுத்த சான்றுக்கு ஏற்ற முடிவைத்தான் அவர் சொன்னார். சான்று என்னுடையது. ஸ்கேன் இப்போது அவசரமில்லை, அந்த முறையை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்றார். மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கவும், பிரஷரை அவ்வப்போது பார்க்கவும் சொன்னார்.

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும்: ஐயா, நான் சொல்லிக்கொடுத்தேன். எத்தனையோ கூட்டங்களுக்கு முன் பேசிய நான் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை. அது அச்சத்தால் என்று சொன்னால் பாதிப் பொய். அவர்கள் பாராட்டினார்கள்; எனக்கு அது இனித்தது. அம்மாவுக்கு நோயில்லை என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டார். அதையும் நம்ப விரும்பினேன். நான் உருவாக்கிய பொய் என்னிடமே வந்து என்னை நம்பவைத்தது.

வீட்டுக்கு வந்தோம். அப்பா வழியிலேயே பேருந்திலிருந்து இறங்கிக் கறி வாங்கிவந்தார். "பைத்தியம்னு நெனச்சியா என்னிய? டாக்டரே பாஸ் போட்டாரு" என்று அம்மா அவரிடம் பெருமை பேசினாள். அக்கா மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

மாத்திரை தொடங்கியதும் அம்மாவுக்கு வாய் உலர்ந்தது, பகலெல்லாம் தூக்கம். விழித்தால் எங்கே இருக்கிறோம் என்று தடுமாறினாள். மருந்து வேலை செய்ய நாளாகும் என்று நான் எல்லாருக்கும் விளக்கம் கொடுத்தேன். சில வாரங்கள் அப்படியே போயின. ஒருநாள் காலையில் டம்ளரை எடுத்த வலது கை அதைப் பிடிக்கவில்லை. டம்ளர் விழுந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னாள். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அப்பா தன் தொழிற்சாலைக்கு ஓடி, ஆட்களை ஏற்றிவரும் வேனைக் கேட்டு எடுத்துவந்தார். வேன் பூந்தமல்லி தாண்டியது. பிறகு அப்பா என் தோளில் கை வைத்து, "நீ பேசிக்கினே வாடா, அவளுக்குத் தெம்பா இருக்கும்" என்றார். நான் அம்மாவின் கோணிய வாயைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

அம்மாவைக் கட்டிலில் சேர்த்ததும் நான் சைக்காலஜி மேடத்தின் அறைக்குப் போனேன். முன்னுரையே இல்லாமல் சொன்னேன். அவர் நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"எதையெல்லாம் சொல்லிக்கொடுத்த? ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னேன். மல்லிகை, பூட்டு, தோணி, வீடு, கடிகாரம், காய்கறி, எழுத்தெடுத்துக் கொடுத்தது எல்லாம்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதில் பேசியிருப்பேன். "அன்னைக்கு இங்க சோதிச்சது உன்னத்தான் தம்பி. உன் ஞாபகம் நல்லா இருக்கு. உங்கம்மாவ யாரும் சோதிக்கவே இல்ல" என்றார்.

பிறகு மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "நீ முதல் எழுத்து எடுத்துக் கொடுத்தா பிடிச்சிக்கிட்டாங்கன்னு சொல்ற. ரெண்டு நாள் வெச்சிருந்திருக்காங்க. உள்ளயே போகாத வகைன்னா அது ரொம்பக் கஷ்டம். அதை அன்னைக்கே சொல்லியிருந்தா அதுவே எங்களுக்கு ஒரு வழி காட்டியிருக்கும்."

இந்தமுறை ஸ்கேன் எடுத்தார்கள். அரசு இயந்திரம் பழுதாகியிருந்ததால் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவுக்காக அப்பா அந்த மாதம் முழுவதும் ஓவர்டைம் பார்த்தார், ஒரு நாளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மூளையின் ஆழத்தில் சிறு சிறு அடைப்புகளின் தழும்புகள் தெரிந்தன. பல பழையவை. ஒன்று புதியது. மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தினார்கள். இப்படிப்பட்ட மூளையில் அது குழப்பத்தைக் கூட்டக்கூடும் என்றார்கள். பிரஷருக்கும், இரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரைகள் தொடங்கின.

பேச்சு ஓரளவு தெளிந்த பிறகு, மேடம் சோதனையை மறுபடி செய்தார். படம் காட்டும் சேதத்தையும் ஆள் காட்டும் தடுமாற்றத்தையும் பொருத்திப் பார்க்க வேண்டும். இனி எது இறங்குகிறது, எது நிற்கிறது என்று அளக்கவும் இது வேண்டும் என்றார். சொற்களை மாற்றியிருந்தார். என்னை வெளியே அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். "வேணாம், இங்கயே உக்காரு, அம்மாவுக்குப் பின்னாடி" என்றார்.

கனகாம்பரம், சுத்தியல், நாற்காலி என்று சொல்லித் திருப்பிக் கேட்டார். இடையில் வேறு வேலைகள். பிறகு கேட்டபோது அம்மாவுக்கு எதுவும் வரவில்லை. "ஒண்ணு பூ" என்றார் மேடம். "கனகாம்பரம்" என்றாள் அம்மா உடனே. "ஒண்ணு, ஆணி அடிக்கறது." "சுத்தி." உள்ளே இருந்தது. கதவைத் தட்டினால் வந்தது. கடிகாரத்தை இடது கையால் தானாக வரைந்தபோது எல்லா எண்களும் ஒரு பக்கமாக நெருங்கிக் கிடந்தன. வரைந்து காட்டிய கடிகாரத்தைப் பார்த்து வரைந்தபோது பெரும்பாலும் சரியாக வந்தது. பார்ப்பதில் பழுதில்லை, திட்டமிடுவதில்தான் என்று அதற்குப் பொருளாம். முஷ்டி, விரிப்பு, பக்கம் என்ற வரிசையில் இடது கையிலும் முஷ்டியே திரும்பத் திரும்ப விழுந்தது. பருப்பும் புளியும் அருகிலிருந்தும் அடுத்தது எது என்று தெரியாமல் நின்றது இதனால்தான் என்று அப்போது எனக்கு விளங்கியது.

கடைசியில் காய்கறி.

"வெங்காயம்" என்றாள் அம்மா. அடுத்தது வரவில்லை. மேடம் கையில் கடிகாரம். என் உதடுகள் தாமாகவே 'க' என்ற எழுத்துக்குத் திறந்தன. மேடம் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா மெல்லத் திரும்பினாள். அவளுக்குப் பழகிவிட்டது, தேடினால் கிடைக்கும் இடம் நான் என்று ஆகிவிட்டது. "சொல்றா மைக்கு" என்றாள் குழறலாக. "உனுக்குத்தான் தெரியுமே."

நான் தரையைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பது தலை குனிந்திருந்தும் தெரிந்தது. பிறகு அவள் திரும்பிக்கொண்டாள்.

"முருங்கக்கா" என்றாள். இன்னும் சற்றுக் கழித்து, "பூசணி." நேரம் முடிந்து மேடம் கடிகாரத்தை வைத்துவிட்டார். அம்மா நிறுத்தவில்லை. "அவரக்கா" என்றாள். "அதுவும் கீதுல்ல."

வெளியே வந்து மேடத்திடம் கேட்டேன். நான் அன்று வாயை மூடியிருந்தால் அந்தப் புதிய அடைப்பு வந்திருக்காதா?

"உன்னாலதான்னு நான் சொல்ல மாட்டேன். மாத்திரை அன்னைக்கே ஆரம்பிச்சிருந்தாலும் வந்திருக்கலாம். உன்னால இல்லன்னும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் அந்த நேர்மையைத்தான் நான் என் அம்மாவிடமிருந்து பறித்திருந்தேன்.

இப்போது வீட்டில் இருக்கிறோம். பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது. வலது கை சோற்றைப் பிசையும், கரண்டி பிடிக்காது. கேன்டீனில் கணக்கு முடித்துவிட்டார்கள். அம்மாவின் கேலிகள் வருவதுண்டு, ஆனால் தாமதமாக, நாங்கள் வேறு பேச்சுக்குப் போன பிறகு வருகின்றன. அக்கா பென்னலூரிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறாள். "எதுனா ஆச்சின்னா நீதான்" என்று அவள் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு அவள் அதைச் சொல்லவில்லை. எனக்கும் சேர்த்துச் சோறு கொண்டுவருகிறாள். அதைத் தின்பதுதான் கடினம்.

போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தபோது, அம்மாவோடு வேலை பார்த்த ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இன்னா லூர்து, எப்டி கீற?"

அம்மா வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. "நல்லா இருக்காங்க" என்று நான் சொல்லிவிட்டேன். பழக்கம். அந்த அம்மாள் தலையசைத்துப் போய்விட்டாள். அம்மா திறந்த வாயோடு நின்றாள். பிறகு அதை மூடிக்கொண்டாள். கோயில் வாசலிலிருந்து சாலை வரை அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன். அப்பா இருந்தார், அக்கா அடுப்படியில் இருந்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி நான் வாயைத் திறந்தேன். மேடைக் குரல் வரவில்லை, வரவும் வேண்டாம்.

"ம்மா, இங்க பாரு. இனிமே யாரு உன்னக் கேட்டாலும், நீ சொல்ற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். டாக்டரு முன்னாலயா இருந்தாலும் சரி, தெருவுல நின்னாலும் சரி. எவ்ளோ நேரம் ஆனாலும் நிப்பேன். யாருனா சிரிச்சாங்கன்னா, கூட நானும் நின்னு வாங்கிக்கறேன். தப்பா வந்தா தப்பாவே வரட்டும்மா. உன் வாயில இருந்து வரட்டும்."